ஒரு பட்டியலின் சரித்திரம்

தமிழில் பட்டியலைப் போலக் காரியம் செய்த விமரிசன உருவம் வேறொன்று இல்லை. நீண்ட கட்டுரைகள் படிக்கப்படாமலே போயின. பட்டியல்கள் கையெழுத்துப் பிரதியாகக்கூடக் கைமாறின. க.நா.சு. 1957ல் ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ என்று ஒரு புத்தகமும் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு புத்தகமும் வெளியிட்டார். வாரப் பத்திரிகையில் வருவதுதான் எழுத்து என்று ஊரே நம்பியிருந்த காலம். அப்போது பெயர்களை மட்டும் சொல்லி, காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லி, சிலசமயம் சொல்லாமலே விட்டு, அவர் ஒரு சிறு வாசகர் கூட்டத்தை உண்டாக்கினார். இன்றைக்கும் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பெயர்களின் வழியாகத்தான் உள்ளே வந்தவர்கள்.

ஆனால் ஒரு பட்டியல் எதைச் சேர்த்தது என்பதைப் போலவே எதைத் தள்ளியது என்பதும் சரித்திரம்தான். க.நா.சு.வும் அவர் வழி வந்தவர்களும் தள்ளியவை தனித்தனி நாவல்கள் என்பதைவிட, நாவல் வகைகள் என்பதே சரி. துப்பறியும் நாவல், சரித்திர நாவல், சாகச நாவல், குடும்ப நாவல் என்று வகைப்பெயர் ஒட்டிய எதுவும் அந்தப் பெயராலேயே வெளியே நின்றது. நிராகரிப்பு அன்று தேவையாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த வகைகள் எங்கிருந்து வந்தன, எப்போது இலக்கியத்திலிருந்து பிரிந்தன என்பதைப் பார்த்தால், பிரிவினைக்குத் தரத்தைக் காட்டிலும் அச்சுக் காகிதம்தான் அதிகக் காரணம் என்று தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1879ல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டபோது தமிழ் நாவலுக்கு வகையே கிடையாது. உபதேசம், நகைச்சுவை, வழிப்பயணம், வேட்டை, கோர்ட்டு விவகாரம், ஞானாம்பாள் ஆண்வேஷத்தில் விக்கிரமபுரியை ஆள்வது என்று எல்லாமே ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. ஆசிரியர் முனிசீப் வேலை பார்த்தவர். வழக்குகளின் கதைகளை வருஷக்கணக்காகக் கேட்ட காது அது. தமிழில் வசன காவியம் இல்லாத குறையைப் போக்கவே எழுதியதாகச் சொன்னார். வசனத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. உருவம் சிதறிக் கிடக்கிறது. ஆனால் சம்பவத்தைக் கண்டு அவருக்குப் பயமில்லை.

ராஜம் ஐயர் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. நாம் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்று மரியாதையாகக் குறிப்பிடும் நாவல் 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தபோது அதன் பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. இந்தத் தலைப்பின் முதல் பாதியை இன்று ஒரு மாத நாவலின் அட்டையில் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளேயும் வம்பு இருக்கிறது, பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரன் இருக்கிறான், குழந்தை காணாமல் போகிறது, பொருள் அழிகிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் அந்த இருபத்தொரு வயது இளைஞர் ஒரு வீட்டின் அந்தரங்கத்தையும், ஒரு மனிதனின் மனம் உலகத்திலிருந்து கழன்றுகொள்வதையும் எழுதினார். அபவாதம் என்ற மலிவான சரக்குதான் முத்துஸ்வாமி ஐயரை வேதாந்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கதைப்பின்னல் இங்கே அனுபவத்துக்கு எதிரி அல்ல, வாகனம். 1898ல் ராஜம் ஐயர் இறந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. அந்த ஒரே நாவலோடு அந்தச் சாத்தியமும் ஏறக்குறைய நின்றுபோயிற்று.

அதே 1898ல் மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ முதல் பாகம் வந்தது. அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1894ல், பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்துக் குற்றக் கதைகள் எழுதிவிட்டார். தமிழில் துப்பறியும் கதையின் ஆரம்பம் என்று இதைச் சொல்கிறார்கள். நடேச சாஸ்திரி யார்? நாடோடிக் கதைகளைத் தேடிச் சேகரித்தவர். தொல்பொருள் இலாகாவில் வேலை பார்த்தவர். 1900ல் ‘தீனதயாளு’ என்ற குடும்ப நாவலையும் எழுதியவர். ஒரே கை. இரண்டு கைகள் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1890களின் தமிழ் வாசகனும் இது இலக்கியம், இது பொழுதுபோக்கு என்று அலமாரியைப் பிரித்து வைத்திருக்கவில்லை.

பிரிவு அடுத்த தலைமுறையில் நேர்ந்தது. 1908ல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானான். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸைத் தழுவிப் பாகம் பாகமாக எழுதித் தள்ளினார். ரெயினால்ட்ஸ் 1844 முதல் லண்டன் மர்மங்களைப் பென்னி விலையில் வாரா வாரம் விற்றவர். இங்கிலாந்தில் அவரை மறந்த பிறகும் இந்தியாவில் அவருக்கு வாசகர் குறையவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் தாசில்தார் உத்தியோகத்தை விட்டுவிட்டு நாவல் எழுத வந்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925ல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தி 115 நாவல்கள் எழுதினார். நாவல் எழுதிப் பத்திரிகை நடத்தலாம், அச்சாபீஸ் வைக்கலாம், பிழைக்கலாம் என்று தமிழில் முதன்முதலில் ருசுப்படுத்தியவர்கள் இவர்கள்தாம்.

இதே காலத்தில் இலக்கிய நாவல் ஏன் எழுதப்படவில்லை? இங்கிலீஷ் படித்தவர்கள் இங்கிலீஷில் நாவல் படித்தார்கள். தமிழில் நாவல் படிப்பவர்கள் யார் என்றால் இங்கிலீஷ் தெரியாத பெண்கள், பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்ட குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள். அந்த வாசகரை நம்பி எழுதியவர்கள் மேலே சொன்ன நால்வர். நம்பாதவர்கள் எழுதவில்லை. மாதவையா 1925ல், கல்லூரிப் படிப்பில் தமிழுக்கு இடம் கேட்டு செனட் சபையில் பேசிய கையோடு, அங்கேயே உயிரை விட்டார். பட்டப்படிப்பில் தமிழுக்கு இடமில்லாத தேசத்தில் தமிழ் நாவலைப் பட்டதாரி எழுதுவான் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

வடுவூராரைப் படிக்காமலே பரிகசிப்பது நம் வட்டத்தில் சம்பிரதாயம். ‘மேனகா’வைப் படித்துப் பார்க்கலாம். நடை சில இடங்களில் தாங்க முடியாது; வர்ணனை வந்தால் பக்கங்களைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு வக்கீலின் வீட்டில் விதவைகளான இரண்டு நாத்தனார்கள் தம்பி மனைவியைப் பணத்துக்கு விற்றுவிடும் அந்தக் கதையின் அடியில் இருப்பது என்ன? கூட்டுக் குடும்பம் என்ற ஸ்தாபனத்தைப் பற்றிய நிஜமான பீதி. அதைக் குற்றக் கதை என்ற முகமூடி இல்லாமல் 1920களில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. சமையலறையில் நடப்பதைக் குற்றம் என்று பெயரிட்டுச் சொன்னார், அவ்வளவுதான். 1935ல் அது சினிமாவாகவும் வந்தது. இலக்கியச் சாதனை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு சமூகத்தின் பயங்கள் எங்கே பதிவாகியிருக்கின்றன என்று தேடுகிறவன் இந்தக் கதவையும் தட்ட வேண்டும் என்கிறேன்.

பிறகு வாரப் பத்திரிகை வந்தது. வாசன் 1928ல் ‘ஆனந்த விகட’னை வாங்கினார், கல்கி அதில் எழுதினார், 1941ல் தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். ‘பார்த்திபன் கன’வும் ‘சிவகாமியின் சபத’மும் ‘பொன்னியின் செல்வ’னும் வாரா வாரம் வந்து சரித்திர நாவல் என்ற வகையை நிலைநாட்டின. அதே முப்பதுகளில் மறுபுறம் ‘மணிக்கொடி’ (1933). அதன் எழுத்தாளர்கள் தங்கள் முழு சக்தியையும் சிறுகதையில் போட்டார்கள். இதற்கு ரஸனை சம்பந்தமான காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது: அவர்கள் கையில் இருந்த பத்திரிகைக்குப் பக்கம் குறைவு, ஆயுளும் குறைவு. அடுத்த இதழ் வருமா என்று தெரியாதவன் நூறு அத்தியாயம் திட்டமிட மாட்டான். நாவலுக்கு வேண்டிய காகிதம் வாரப் பத்திரிகையிடம் இருந்தது. சிறுகதைக்கு வேண்டிய காகிதம்தான் நம்மிடம் இருந்தது.

பின்னால் சிறுபத்திரிகைக்காரர்கள் நாவல் எழுதியபோதும் இந்த வறுமை அதன் உருவத்தில் படிந்துவிட்டது. செல்லப்பாவின் ‘ஜீவனாம்சம்’ அவருடைய ‘எழுத்து’விலேயே வெளிவந்தது. ஒரு பெண்ணின் மனத்துக்குள்ளேயே நடக்கும் நாவல் அது. வெளியே ஏறக்குறைய ஒன்றும் நடப்பதில்லை. அது நல்ல நாவல். ஆனால் அதற்குப் பிறகு, ஒன்றும் நடக்காமல் இருப்பதே நல்ல நாவலின் அடையாளம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே ஊறிவிட்டது. இல்லாமையை லட்சணமாக்கிக்கொண்டோம். சம்பவம் வாரப் பத்திரிகைக்குச் சொந்தம், அனுபவம் நமக்குச் சொந்தம் என்று பாகப்பிரிவினை ஆயிற்று. பத்திரம் யாரும் எழுதவில்லை. ஆனால் இரு தரப்பும் இன்றுவரை எல்லைக்கல்லைத் தாண்டத் தயங்குகிறார்கள்.

எங்கள் கிளையில் உடன் வேலை செய்யும் காசாளர் ஒருவர் வருஷக்கணக்காக க்ரைம் நாவல் படிக்கிறவர். வேகமாகப் படிப்பார், நினைவும் அதிகம். ஒருநாள், “சார், நீங்க படிக்கிற மாதிரி ஒரு பத்து நாவல் எழுதிக் குடுங்க, நானும் பார்க்கறேன்” என்றார். வழக்கமான பட்டியலையே கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, “நல்லாத்தான் எழுதறாங்க. ஆனா எல்லாரும் உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்காங்களே சார், எப்ப எழுந்திருப்பாங்க?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை ரஸனைக் குறைவு என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படிச் செய்யத் தயாராக இல்லை. நோட்டுக் கட்டுகளுக்கு நடுவே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் மனிதன், புத்தகத்திலாவது யாராவது எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. தாஸ்தாயேவ்ஸ்கியைப் படித்தவன் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

‘குற்றமும் தண்டனையும்’ 1866ல் ஒரு ருஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்த கொலைக் கதை. வில்கி காலின்ஸின் ‘சந்திரகாந்தக் கல்’ 1868ல் டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் வந்த திருட்டுக் கதை. முதலாவதை இலக்கியம் என்கிறோம், இரண்டாவதைத் துப்பறியும் கதை என்கிறோம். இரண்டுமே அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வாசகனுக்கு எழுதப்பட்டவை. கோடரியைத் தூக்கியவன் மனம் என்ன ஆகிறது என்று ஒருவர் கேட்டார்; யார் எடுத்தது என்று மற்றவர் கேட்டார். வித்தியாசம் கேள்வியில் இருக்கிறது. தொடர்கதை என்ற ஏற்பாட்டில் இல்லை. நம்மிடமே அத்தாட்சி உண்டு. ‘மோகமுள்’ ஐம்பதுகளில் ‘சுதேசமித்திர’னில் வாரா வாரம் வந்த தொடர்கதை; 1964ல்தான் புத்தகமாயிற்று. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ வேறொரு பெயரில் ‘தினமணி கதிர்’ தொடராக வந்தது. இவற்றைப் பட்டியலில் சேர்க்கும்போது நாம் அவை பிறந்த இடத்தைச் சொல்வதில்லை.

இந்தப் பாகப்பிரிவினையை அறியாத ஒருவர்தான் அதை உடைத்தார். ப. சிங்காரம் இளம்வயதில் பிழைப்புக்காக இந்தோனேஷியாவின் மெடான் நகருக்குப் போனவர். யுத்தம் முடிந்து 1946ல் திரும்பி மதுரையில் ஒரு தினசரியில் வேலை பார்த்தவர். எந்த வட்டத்திலும் இருந்ததில்லை. ‘கடலுக்கு அப்பால்’ ‘கலைமகள்’ போட்டியில் பரிசு பெற்று 1959ல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ வெகுநாள் காத்திருந்து 1972ல் வந்தது. யுத்தம், கடற்பயணம், ஒற்று, கொலை, ராணுவம், தலைமறைவு - சாகச நாவலின் சரக்குப் பட்டியல் முழுவதும் அதில் இருக்கிறது. நாவல் எங்கும் உட்காருவதில்லை. ஆனால் பாண்டியன் பினாங்கிலும் மெடானிலும் அலையும்போது தமிழ்ச் சரித்திரம், தமிழ்ப் பெருமை, ஊர் நினைவு எல்லாம் கேலிக்கும் ஏக்கத்துக்கும் நடுவே ஆடுகின்றன. மனத்துக்குள் நடப்பதும் வெளியில் நடப்பதும் ஒரே வாக்கியத்தில் ஓடுகின்றன. இது வந்தபோது வாரப் பத்திரிகை வாசகனுக்குக் கடினமாகவும், நமக்குக் கூச்சமாகவும் இருந்தது. பிற்பாடுதான் அதன் இடம் உணரப்பட்டது. வகைகளுக்கு நடுவே விழுந்த புத்தகத்தை எடுக்க இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லாமல் போனதே தாமதத்துக்குக் காரணம்.

சுஜாதா மறுகரையிலிருந்து வந்தவர். 1968ல் ‘குமுத’த்தில் ‘நைலான் கயிறு’ எழுதினார். துப்பறியும் கதையின் தமிழை அவர் ஒரே வீச்சில் மாற்றினார்: குறுகிய வாக்கியம், பேச்சின் வேகம், விளக்கம் சொல்லாமல் நகர்வது. நம்முடைய உரைநடை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நாம் ஒப்புக்கொள்வதைவிட அதிகம். ஆனால் அவரிடம் கேள்வி பெரும்பாலும் யார் என்பதோடு நின்றுவிடுகிறது. எண்பதுகளில் ‘விகட’னில் வந்த ‘என் இனிய இயந்திரா’வில் ஜீவா என்ற ஆட்சியாளனும் ஜீனோ என்ற இயந்திர நாயும் வருகிறார்கள். அதிகாரம் என்பது என்ன என்ற கேள்வி எழும்போதெல்லாம் கதை ஒரு நகைச்சுவையோடு அடுத்த வாரத்துக்குத் தாவிவிடுகிறது. வகையை இலக்கியமாக்கும் திறமை அவருக்கு இருந்தது. அந்தத் தாவலைத் தவிர்க்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. அவரிடம் அதைக் கேட்டு வற்புறுத்தும் விமரிசனம் இல்லாமல் போனது நம் பக்கத்துக் குறை.

இதையெல்லாம் சொன்ன பிறகு பட்டியல் கொடுக்காமல் போவது நேர்மையாகாது. வகைக்கு ஒன்றாக, காலவரிசையில், எனக்குத் தெரிந்த தமிழ் நாவல்களுக்குள்ளேயே கொடுக்கிறேன்.

முதலில் ‘கமலாம்பாள் சரித்திரம்’: அதன் பழைய தலைப்போடு, ஒரு வம்புக் கதையாகவே படிக்கத் தொடங்குவது நல்லது. இரண்டாவது ‘மேனகா’: பொறுமையோடும், பக்கங்களைத் தள்ளும் உரிமையோடும். மூன்றாவது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942). கிராம நாவல் என்று நாம் கொண்டாடும் இது, நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு விதவையில் ஆரம்பித்து ஒரு கொலையில் முடிகிறது. யார் செய்வார் என்பது நமக்கு முன்பே தெரிந்தும் மூச்சு முட்டுகிறது. குற்றக் கதை எழுதுகிறவர்கள் இதில் கற்க வேண்டியது நிறைய. நான்காவது ‘சிவகாமியின் சபதம்’. நரசிம்மவர்மனின் வாதாபி வெற்றியைச் சொல்ல வந்த நாவல், வெற்றியால் ஒன்றையும் திரும்பப் பெறாத ஒரு பெண்ணில் போய் முடிகிறது. கல்கி தன்னை மறந்த இடம் அது என்று நினைக்கிறேன். ஐந்தாவது ‘மோகமுள்’: தொடர்கதை என்ற நினைவோடு.

ஆறாவது ‘நைலான் கயிறு’: ஒரே இரவில் முடிக்கலாம், நடைக்காக. ஏழாவது அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ (1969). சினிமாத் தொழிலைப் பற்றிய நாவல், கதாநாயகன் கிடையாது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுகிறது. உட்கார்ந்து யோசிக்க அதில் யாருக்கும் நேரமில்லை. எட்டாவது ‘புயலிலே ஒரு தோணி’. ஒன்பதாவது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979). தூத்துக்குடி உப்பளத்துக்கே போய் விசாரித்து எழுதப்பட்ட நாவல். கலை சில இடங்களில் தகவலுக்கு வழிவிட்டு நிற்கிறது. ஆயினும் உப்பு எப்படி விளைகிறது, அதில் யாருடைய கால் புண்ணாகிறது என்பதை நம் மனோதத்துவ நாவல்கள் எதுவும் சொல்லவில்லை.

ஒன்பதுதான் இருக்கிறது. பத்தாவதாக ஒரு விஞ்ஞான நாவலைச் சேர்க்க விரும்பினேன். இடத்தை நிரப்புவதற்காகச் சேர்ப்பது கணக்கை ஒப்பேற்றும் வேலை. அதைப் பேரேட்டில் செய்தாலே தவறு. அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.

இந்தப் பட்டியலில் க.நா.சு.வுக்கு உடன்பாடு இராது. கல்கியையும் வடுவூராரையும் ராஜம் ஐயரோடு ஒரே வரிசையில் உட்கார வைத்ததே போதும் அவர் எழுந்து போக. ஆனால் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. ஒரே சரித்திரம் என்கிறேன். தரம் பிரிப்பது விமரிசகன் வேலை. பிரிப்பதற்கு முன் எல்லாம் அவன் மேஜைமேல் இருக்க வேண்டும். காசாளரிடம் புதிய பட்டியலைக் கொடுத்திருக்கிறேன். ‘நாகம்மா’ளை முடித்துவிட்டார். “கொலையை அவ்வளவு சீக்கிரமா முடிச்சுட்டாரே” என்றார், குறையாக. அந்தச் சீக்கிரத்தைப் பற்றித்தான் இப்போது மதியச் சாப்பாட்டு வேளையில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.